உடைந்ததா, உடைத்தானா? கதையாலும் பேச்சாலும் வினை வடிவம் பழக்கும் முறை

நடந்தான், நடக்கிறான், நடப்பான் என்று வாய்பாடு ஒப்பிக்கச் சொன்னால் ஆறாம் வகுப்புப் பிள்ளை தடுமாறாமல் சொல்லிவிடும். அதே பிள்ளையைப் பத்து வரிக் கதை எழுதச் சொல்லுங்கள். முதல் வரி இறந்தகாலத்தில் இருக்கும், நான்காம் வரி நிகழ்காலத்துக்குத் தாவியிருக்கும், ஏழாம் வரியில் ‘வந்துச்சு’ எட்டிப் பார்க்கும். தனிச்சொல்லில் காலம் காட்டத் தெரிந்த பிள்ளைக்கு ஒரு பத்தி நெடுக அதைப் பிடித்துக்கொண்டு போகும் பழக்கம் இல்லை. அந்தப் பழக்கத்தைப் பத்திக்குள் வைத்துத்தான் உண்டாக்க முடியும்.

கீழே உள்ள முறை 11 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்கானது. 30 பேர் வரை உள்ள வகுப்பில், 40 நிமிடப் பாடவேளைகளில் செய்யலாம். எல்லா வேலைகளுக்கும் அடிப்படை ஒன்றுதான்: ‘இறந்தகாலத்தில் எழுது’ என்று சொல்லக் கூடாது, இறந்தகாலம் இல்லாமல் எழுதவே முடியாத வேலையைக் கொடுக்க வேண்டும். வினை வடிவம் மாறினால் பொருளும் மாறிப்போகிற வேலை கிடைத்தால் இன்னும் நல்லது.

முதலில் அட்டைகள். ஏ4 கெட்டி அட்டையை எட்டாக வெட்டினால் மூன்று அட்டையில் 24 துண்டு வரும். ஒவ்வொன்றிலும் வினைப்பகுதியை மட்டும் பெரிதாக எழுதவும்: நட, நில், தேடு. ‘நடத்தல்’, ‘நடந்தான்’ என்று எழுதினால் பிள்ளைகள் அதைப் பார்த்து அப்படியே சொல்லிவிடுவார்கள். வடிவத்தை ஆக்கும் வேலை அவர்களுக்கு இருக்காது.

எந்த 24 என்பது முக்கியம். இறந்தகால இடைநிலையாக, அதாவது பகுதிக்கும் விகுதிக்கும் நடுவே நின்று காலம் காட்டும் உறுப்பாக, நன்னூல் சொல்லும் த், ட், ற், இன் நான்கும் வந்தாக வேண்டும். செய், அழு, நட, விழு, திற, படி, எடு, பார், போடு, விடு, கேள், நில், கல், பெறு, ஓடு, தேடு, எழுது, மூடு, இவற்றோடு வடிவம் சற்று விலகிப் போகும் வா, போ, சொல். மீதி மூன்று இடத்துக்கு உடை, மறை, சேர் கட்டாயம் வேண்டும். இவற்றுக்கு இறந்தகாலம் இரண்டு: உடைந்தது, உடைத்தான், மறைந்தது, மறைத்தான், சேர்ந்தது, சேர்த்தான். ‘நடந்தான்’ என்பதில் சந்தி த், ந் ஆக விகாரப்பட்டதை எல்லாம் ஆசிரியர் தெரிந்து வைத்திருந்தால் போதும். இந்த வேலையின் நடுவே, சொல்லைப் பகுதி, விகுதி என்று பிரித்துக் காட்டும் பகுபத உறுப்பிலக்கணம் நடத்தத் தொடங்கினால் எழுத்து நின்றுவிடும்.

தொடக்கத்துக்கு நேர்முக வர்ணனை நல்லது. ஒரு பிள்ளை ஐந்து அட்டையை எடுத்து, வாய் திறக்காமல் அந்தச் செயல்களை வகுப்பின் முன் செய்ய வேண்டும். நட, திற, எடு, பார், விழு என்று வந்தால் சரியாக அமையும். இன்னொரு பிள்ளை, காட்சியைப் பார்க்க முடியாத ஒருவருக்குப் போனில் சொல்வதுபோல 60 வினாடி வர்ணிக்க வேண்டும். மூன்றாவது பிள்ளை அதையே மறுநாள் செய்தித்தாளுக்கு ஐந்து வாக்கியத்தில் எழுத வேண்டும். வர்ணனையையும் செய்தியையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால், நிகழ்காலம் இறந்தகாலமாக மாறியது எல்லார் கண்ணுக்கும் தெரியும். யாரும் ‘காலம்’ என்ற சொல்லைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இதில் வழக்கமாக வரும் சிக்கல், நடிக்கிற பிள்ளை வேகமாகச் செய்துவிடுவது. அப்போது வர்ணிக்கிற பிள்ளை ‘எடுத்துட்டான், பாத்துட்டான்’ என்று போகும். அதைத் தவறு என்று நிறுத்தாதீர்கள். செயல் முடிந்துபோனதால்தான் அப்படி வந்தது. ‘விடு’ என்னும் துணைவினையின் வேலையே அது. ஒரு செயலுக்குப் பத்து வினாடி எடுத்துக்கொள்ளச் சொன்னால் ‘எடுக்கிறான்’ தானாக வரும்.

வர்ணனை பேச்சு வழக்கில்தான் வரும், வரட்டும். எழுதும்போது மாற்றினால் போதும்: போறான் – போகிறான், வர்றாங்க – வருகிறார்கள், வந்துச்சு – வந்தது, போயிருச்சு – போய்விட்டது, நிக்குது – நிற்கிறது, கேக்குறேன் – கேட்கிறேன். கடைசி இரண்டில்தான் பிள்ளைகள் அதிகம் சறுக்குவார்கள். பேச்சில் ற், ட் விழுந்துவிடுவதால் ‘நிக்கிறது’, ‘கேக்கிறேன்’ என்று பாதி மாற்றி நிறுத்திவிடுவார்கள். ஒரு விதி சொல்லிக்கொடுத்தால் மனக்குழப்பம் பெரிதும் குறையும்: கதையில் மேற்கோள் குறிக்குள் பாத்திரம் எப்படிப் பேசுமோ அப்படியே எழுதலாம்; குறிக்கு வெளியே எழுத்து வழக்கு.

அடுத்தது உடைந்த ஜன்னல். இந்த முறையில் அதிகப் பலன் தருவது இதுதான், இரண்டு பாடவேளை ஒதுக்கலாம். நிலைமை இவ்வளவே: பந்து பட்டு வகுப்பறை ஜன்னல் கண்ணாடி உடைந்துவிட்டது. ஐந்து பேர் கொண்ட குழுவில் ஒருவர் பந்தை எறிந்தவர், தலைமையாசிரியருக்கு மன்னிப்புக் கடிதம் எழுதுகிறார். ஒருவர் நேரில் பார்த்த சாட்சி. ஒருவர் பந்தை எறிந்தவனைப் பிடிக்காத வகுப்புத் தோழன். ஒருவர் அறிவிப்புப் பலகைக்கு அறிவிப்பு எழுதுபவர். ஒருவர் அந்தக் கண்ணாடியேதான். ஆளுக்கு 60 முதல் 80 சொல், 15 நிமிடம். உடை என்ற வினை ஏதாவது ஒரு வடிவில் மூன்று முறையாவது வர வேண்டும். இந்த நிபந்தனை இல்லாவிட்டால் பாதிப் பேர் நியாயம் பேசியே தாளை நிரப்பிவிடுவார்கள்.

எழுதி முடித்ததும் யார் எழுதியது என்று சொல்லாமல் ஒவ்வொன்றிலிருந்தும் வினைகளை மட்டும் கரும்பலகையில் எழுதுங்கள். ‘எறிந்தேன், பட்டு, உடைந்துவிட்டது’ என்று இருந்தால் அது மன்னிப்புக் கடிதம். எறிந்ததை ஒப்புக்கொள்கிறவர் உடைத்ததை ஒப்புக்கொள்ளவில்லை. கண்ணாடி தானாக உடைந்ததுபோல எழுதியிருக்கிறார். ‘எறிந்தான், உடைத்தான்’ என்று நேராக இருந்தால் சாட்சி. ‘உடைத்துப் போட்டான்’, ‘உடைத்து வைத்திருக்கிறான்’ என்று இருந்தால் பிடிக்காதவன். போடு, வை என்ற துணைவினைகளே குற்றம் சாட்டிவிடுகின்றன. ‘உடைக்கப்பட்டது’ என்றால் அறிவிப்பு. ‘உடைந்தேன், என்னை உடைத்தார்கள்’ என்றால் கண்ணாடி. வினையை மட்டும் வைத்தே பேசுகிறவர் யார் என்று வகுப்பு கண்டுபிடித்துவிடும். தன்வினை (உடைந்தது), பிறவினை (உடைத்தான்), செயப்பாட்டுவினை (உடைக்கப்பட்டது) என்ற பெயர்களை இதற்குப் பிறகு சொல்லுங்கள். அனுபவித்த வேறுபாட்டுக்குப் பெயர் சூட்டுவதாக அமைவதால் மறக்காது.

இங்கே எதிர்பார்க்க வேண்டிய பிழைகள் மூன்று. ஒன்று, ‘உடையப்பட்டது’. படு என்பது செயப்படுபொருள் ஏற்கும் வினையோடுதான் சேரும். உடைந்தது என்பதில் செயப்படுபொருளே இல்லை, ஆகவே ‘உடைக்க’ என்பதிலிருந்துதான் ‘உடைக்கப்பட்டது’ பிறக்கும். இரண்டு, ‘ந்த்’ வந்தால் தன்வினை, ‘த்த்’ வந்தால் பிறவினை என்று பிள்ளைகள் தாங்களே ஒரு விதி கட்டிக்கொள்வது. உடை, மறை, சேர் மூன்றுக்கும் அது பொருந்தும். ஆனால் பந்தை எறிந்தான், கதவைத் திறந்தான் என்பவற்றில் ந்த் இருக்கிறது, செயப்படுபொருளும் இருக்கிறது. அட்டைகளில் ‘திற’ இருப்பது இதற்காகவே. கதவு திறந்தது, கதவைத் திறந்தான் என்று இரண்டுக்கும் அதில் ஒரே வடிவம். மூன்று, சந்தி. ‘உடைத்துப் போட்டான்’ என்பதில் ப் மிகும். ‘உடைந்து போனது’ என்பதில் மிகாது. உடைத்து என்பது வல்லின மெய்யை அடுத்து உகரத்தில் முடியும் வன்தொடர்க் குற்றியலுகரம், உடைந்து என்பது மெல்லின மெய்யை அடுத்து முடியும் மென்தொடர். இரண்டும் ஒரே கதையில் அடுத்தடுத்து வந்து நிற்பதால், வல்லினம் மிகும் இடம் பற்றிய பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தேட வேண்டியதில்லை.

பத்தியில் காலம் மாறிப்போவதைத் திருத்துவது எப்படி? கீழே உள்ளது வகுப்பில் வரக்கூடிய பத்தியின் மாதிரி:

‘சாயங்காலம் பூங்காவுக்குப் போனோம். புறாக்கள் தரையில் மேய்ந்தது. ஒரு நாய் ஓடி வருது. புறாக்கள் எல்லாம் பறந்து நாய் ஏமாந்து நிற்கிறது. நாங்கள் சிரித்தோம்.’

ஐந்து வாக்கியத்தில் நான்கு விதமான கோளாறு. ‘புறாக்கள் மேய்ந்தது’ என்பதில் எண் பொருந்தவில்லை. அதை ‘மேய்ந்தன’ என்று மாற்றினாலும் குறை தீராது. நாய் வரும்வரை அவை மேய்ந்தபடியே இருந்ததால் ‘மேய்ந்துகொண்டிருந்தன’ என்பதே பொருத்தம். ‘வருது’ பேச்சு வழக்கு. ‘பறந்து’ என்ற எச்சம், அதாவது பொருள் முடியாமல் நிற்கும் வினை, ‘நிற்கிறது’ என்பதில் போய் முடிகிறது. பறந்தவை புறாக்கள், நிற்பது நாய். செய்து என்னும் வாய்பாட்டு எச்சமும் அது கொண்டு முடியும் வினையும் ஒரே எழுவாய்க்கு உரியவையாக இருக்க வேண்டும். மழை பெய்து குளம் நிறைந்தது என்பதுபோலக் காரணமும் விளைவுமாக வரும் இடங்களில் எழுவாய் மாறுவதை மொழி ஏற்கிறது. இங்கே ‘பறந்துவிட’ என்று ஆக்கினால் சிக்கல் தீரும். செய என்னும் வாய்பாட்டு எச்சம் வேறு எழுவாயைத் தாராளமாக ஏற்கும்.

நான்காவது, காலம். இங்கே சிவப்பு மையை எடுக்கும் முன் நிதானம் வேண்டும். நாய் வரும் இடத்தில் கதை சூடு பிடிக்கிறது. பிள்ளை நிகழ்காலத்துக்குத் தாவியது அதனால்தான். கதை சொல்கிற எவரும் செய்வது அது. காலம் பிறழ்ந்து வருவதை விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்ற காரணங்களுக்காக இலக்கணமே காலவழுவமைதி என்று ஏற்றுக்கொண்டிருக்கிறது. அழைத்தால் வந்து சேரும் முன்பே ‘இதோ வந்துட்டேன்’ என்கிறோம். ‘தலைமை விருந்தினர் நாளை வருகிறார்’ என்று உறுதியோடு அறிவிக்கிறோம். எனவே பிள்ளையிடம் இரண்டு வழியையும் காட்ட வேண்டும். முழுக்க இறந்தகாலம்: ‘ஒரு நாய் ஓடி வந்தது. புறாக்கள் எல்லாம் பறந்துவிட, நாய் ஏமாந்து நின்றது.’ அல்லது, நாய் வரும் இடத்தில் புதுப் பத்தி தொடங்கி முழுக்க நிகழ்காலம்: ‘ஒரு நாய் ஓடி வருகிறது. புறாக்கள் எல்லாம் பறக்கின்றன. நாய் ஏமாந்து நிற்கிறது.’ பிறகு ‘சிரித்தோம்’ என்று பழைய காலத்துக்குத் திரும்பலாம். எது வேண்டும் என்று எழுதியவரே முடிவு செய்து, ஏன் என்று ஒரு வரியில் சொல்லட்டும். காரணம் சொல்ல முடிந்தால் அது உத்தி. முடியாவிட்டால் திருத்த வேண்டும். காலம் மாறிய இடமெல்லாம் சுழித்துவிடும் ஆசிரியரிடம் படிக்கும் பிள்ளைகள் தட்டையான இறந்தகாலத்தில் மட்டும் எழுதப் பழகிவிடுவதைப் பார்க்கலாம். அது பெரிய இழப்பு.

இன்னொரு சிறு குறிப்பு: பறக்கிறது என்பதன் பன்மை ‘பறக்கிறன’ என்று வராது. அஃறிணைப் பன்மையில் கின்று என்ற இடைநிலைதான் வரும்: பறக்கின்றன.

எதிர்காலத்தை ‘பெரியவனானதும் என்ன ஆவேன்’ என்ற கட்டுரையால் பழக்குவது வழக்கம். அதில் ஆவேன், செய்வேன் தவிர வேறு வடிவம் வராது. பழகிய வாக்கியங்களே திரும்பத் திரும்ப வரும். ‘இப்போது இல்லாத ஒன்று’ என்ற தலைப்பு கொடுத்துப் பாருங்கள். வெட்டப்பட்ட மரம், வற்றிய குளம், நின்றுபோன பேருந்து, எதுவும் ஆகலாம். எட்டு வாக்கியம் அது இருந்த காலத்தைப் பற்றி, ஒரு வாக்கியம் அது போன நாளைப் பற்றி, மூன்று வாக்கியம் இன்றைய நிலை பற்றி.

‘விடிந்ததும் கிளிகள் வந்து உட்காரும். மதியம் நிழல் சுவர்வரை நீளும். தாத்தா அடியில் அமர்ந்து செய்தித்தாள் படிப்பார்.’ எல்லாம் நடந்து முடிந்தவை, வடிவமோ எதிர்காலம். ப், வ் இடைநிலையும் செய்யும் என்னும் முற்றும் வழக்கமாக நடப்பதையும் காட்டும் என்பதைப் பிள்ளைகள் பேச்சில் நன்றாக அறிவார்கள், பாடத்தில் படித்திருக்க மாட்டார்கள். ‘உட்கார்ந்தன, நீண்டது, படித்தார்’ என்று எழுதுகிற பிள்ளையிடம் ‘ஒரு நாளா, தினமுமா?’ என்று கேட்டால் போதும். அடுத்து ‘ஒருநாள் மரத்தை வெட்டினார்கள்’ என்று இறந்தகாலம் வந்து விழும்போது அந்த ஒற்றை வாக்கியத்தின் கனம் வகுப்புக்கே புரியும். கடைசி மூன்று வாக்கியத்தில் எதிர்மறை வரும். ‘கிளிகள் வரவில்லை’ என்றால் இன்று வரவில்லை என்றே படும். ‘வருவதில்லை’ என்றால் இப்போதெல்லாம் வருவதில்லை. ‘வந்ததில்லை’ என்றால் என்றுமே வந்ததில்லை. இந்தக் கதைக்கு அது பொய்யாகிவிடும். மூன்றையும் வைத்துப் படிக்கச் சொல்லி, எது கதைக்குப் பொருந்தும் என்று கேளுங்கள்.

இனி பேச்சு. எழுதி மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் பேச்சால் வினை வடிவப் பயிற்சிக்கு எந்தப் பலனும் இல்லை. பேசுகிறவர் கையில் ஒரே ஒரு சீட்டு இருக்கலாம். அதில் 12 வினைப்பகுதிகள் மட்டும், பேசும் வரிசையில். வேறு ஒரு சொல்லும் கூடாது. 90 வினாடி. சீட்டில் ‘தேடு’ என்று இருப்பதை மேடையில் நின்று தேடினோம், தேடுகிறோம், தேடுவோம் என்று அந்த இடத்திலேயே ஆக்க வேண்டும். முதல் சுற்றில் பலர் 40 வினாடியில் நின்றுவிடுவார்கள். 12 வினையும் ஒரே நிகழ்ச்சியைச் சேர்ந்தவையாக இல்லாததே பெரும்பாலும் காரணம். சீட்டை மாற்றி எழுதச் சொல்லுங்கள், பேச்சைத் திருத்த வேண்டாம்.

கேட்பவர்களுக்கும் வேலை வேண்டும். ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு வண்ண அட்டையைத் தூக்கிக் காட்டச் சொல்வது பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் பேசுகிறவர் அட்டைகளைப் பார்த்துத் தடுமாறுவார். அதற்குப் பதில் நான்கு பேர் மட்டும் தாளில் கோடு போட்டு எண்ணட்டும்: ஒருவர் இறந்தகால முற்று, ஒருவர் நிகழ்காலம், ஒருவர் எதிர்காலம், ஒருவர் எதிர்மறை. மற்றவர்கள் கேட்டால் போதும்.

எந்தப் பேச்சு என்பதைப் பொறுத்து வடிவம் தானே வரும். வரவேற்புரையில் ‘வரவேற்பேன்’ என்று ஒரு சிலர் எழுதுவார்கள். சொல்லும்போதே செயலும் நடந்துவிடுவதால் ‘வரவேற்கிறேன்’. நன்றியுரையிலும் அப்படியே, ‘நன்றி கூறிக்கொள்கிறேன்’ என்பதில் உள்ள ‘கொள்’ இல்லாமலே வாக்கியம் நன்றாக நிற்கும், எடுத்துவிடச் சொல்லலாம். வாழ்த்துரையில் வாழ்த்தவும் வேண்டவும் வரும் வியங்கோள் வினை: வருக, வாழ்க, வெல்க, ஓங்குக. இதன் பின் வல்லினம் மிகாது; ‘வாழ்கத் தமிழ்’ என்று எழுதினால் உடனே திருத்துங்கள், ‘வாழ்க தமிழ்’ என்பதே சரி.

எல்லாவற்றிலும் பயன் மிகுந்தது மாணவர் தலைவர் தேர்தல் பேச்சும் அதன் பின்பேச்சும். முதல் பேச்சில் ஐந்து வாக்குறுதி ‘செய்வேன்’ வடிவில், இரண்டு ‘செய்யமாட்டேன்’ வடிவில். ஒரு வாரம் கழித்து, ஆண்டு முடிந்துவிட்டதாக வைத்துக்கொண்டு, அதே பிள்ளை அதே ஏழுக்கும் கணக்குச் சொல்ல வேண்டும். நூலக நேரத்தைக் கூட்டுவேன் என்றது ‘கூட்டினேன்’ ஆகலாம், ‘கூட்டியிருக்கிறேன்’ ஆகலாம், ‘கூட்ட முயன்றுவருகிறேன்’ ஆகலாம், ‘கூட்டவில்லை’ என்றும் ஆகலாம். நான்கும் நான்கு விதமான நேர்மை. கேட்கும் வகுப்பு முதல் பேச்சின் குறிப்பை வைத்துக்கொண்டு கேள்வி கேட்கலாம்: ‘முயன்றுவருகிறேன் என்றால் முடிந்ததா, இல்லையா?’

இதில் மாட்டு என்ற வினையைக் கவனிக்க வேண்டும். ‘நான் தாமதிக்கமாட்டேன்’ சரி. ‘குழாய் இனி ஒழுகமாட்டாது’ எழுத்து வழக்குக்குச் சரிவராது, அஃறிணைக்கு ‘ஒழுகாது’. பன்மைக்கு ‘பொருள்கள் தொலைந்து போகா’ என்பது மரபு. இன்றைய உரைநடையில் ‘போகாது’ என்பதே பரவலாக இருப்பதால் இந்த வயதில் அதைப் பிழை என்று குறிக்க வேண்டாம். மேல் வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம்.

திருத்தும் முறை பற்றி. தாளைக் கொடுக்கும் முன் ஒவ்வொரு பிள்ளையும் தன் முற்றுகளின் கீழ் நேர்கோடும், எச்சங்களின் கீழ் நெளிகோடும் இட வேண்டும். இதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். பிழைகளில் ஒரு பகுதி இங்கேயே பிள்ளையின் கண்ணில் பட்டுவிடும். ஆசிரியர் சொல்லின் மேல் எழுதாமல் ஓரத்தில் குறி மட்டும் இடுவார்: கா (காலம்), எண், பே (பேச்சு வழக்கு), எச் (எச்சத்தின் எழுவாய்), சந். வரியில் எந்தச் சொல் என்பதைப் பிள்ளை கண்டுபிடிக்க வேண்டும். ஒரு வரைவுக்கு ஒரு குறி மட்டும். ஐந்து குறியும் நிறைந்த தாளைப் பெறும் பிள்ளை எதையும் திருத்தாது, அழகான கையெழுத்தில் திரும்ப எழுதித் தரும். எந்தக் குறியை முதலில் எடுப்பது? பொருளைக் கெடுப்பது முதலில்: எச், பிறகு கா, பிறகு எண். சந்தி கடைசி.

வீட்டில் தமிழ் பேசாத பிள்ளைகளுக்கு இதே வேலைகளை வரிசை மாற்றித் தர வேண்டும். தமிழ் பேசும் பிள்ளை ‘போட்டான், ஓடினான்’ என்பதில் தவறாது, முற்றின் விகுதியில் தவறும். புதிதாகக் கற்கும் பிள்ளைக்கு அடியிலேயே சிக்கல்: ஓடு – ஓடினான் என்று கற்றதும் போடு – ‘போடினான்’ என்று சொல்லும். அந்தப் பிள்ளைக்கு 24 அட்டை அதிகம். இன் ஏற்கும் ஓடு, தேடு, எழுது, மூடு, த் இரட்டிக்கும் படி, எடு, பார் என ஏழில் தொடங்கலாம். அட்டையின் பின்புறம் இறந்தகால வடிவம் எழுதியிருக்கட்டும். வர்ணனையைப் பின்னுக்குத் தள்ளி, செய்தி எழுதுவதை முன்னால் வையுங்கள். இறந்தகால அடியிலிருந்து வினையெச்சமும் பெயரெச்சமும் கிடைத்துவிடுகின்றன: எழுதினான், எழுதி, எழுதிய, பார்த்தான், பார்த்து, பார்த்த. ஒரு வடிவம் கைக்கு வந்தால் மூன்று கிடைக்கிறது. போடு, விடு, கேள் வரிசையை இந்த ஏழும் தடையின்றி வாயில் வந்த பிறகு சேர்க்கலாம்.